உறைக்குள் ஒரு பொய் நட்சத்திரம்

– நீங்களே பிரிங்க ஆதிண்ணா. எனக்கு தைரியம் இல்ல.

– நான் ஏரியில ஆன்டெனா மிதக்கவிடற ஆளு மேடம். டாக்டர் லீனாவுக்கு ஒரு கவர் பிரிக்கக்கூட டெக்னீஷியன் வேணுமா?

– டாக்டராம் டாக்டர்! ஆயிரத்து முன்னூறு கோடி வருஷத்துக்கு முந்தி முதல் நட்சத்திரம் எரிஞ்ச அடையாளம், நம்ம ரேடியோ கிராஃப்ல ஒரு சின்னப் பள்ளம். அதப் பாத்த அன்னைக்கே அம்மாகிட்ட உளறிட்டேன். அம்மா ஃபாதர்கிட்ட. ஃபாதர் ஞாயித்துக்கிழமை பூசையில, மைக்ல! இப்ப எங்க லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்ல ஃபிளெக்ஸ். என் மூஞ்சி, தலைக்கு மேல வால் நட்சத்திரம். போன கிறிஸ்மஸ் பேனர்ல மிச்சமான படம்ணா அது!

– சூப்பரா இருக்குது மேடம். எங்க ஈஜிபுரா வரைக்கும் அதே பேச்சு.

– நம்ம டீம் தலைவர் சுதீர் சார் ரூல் என்ன? நம்மள சோதிக்க, ஆன்டெனாவுல ஒரு பெட்டிய மாட்டி, டேட்டாவுல பொய் சிக்னல் கலந்தாலும் கலப்பாரு. கலந்தாரா இல்லையான்னு கவர்ல எழுதி ஒட்டிடுவாரு. பிரிக்கற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. நான் கேக்கே வெட்டிட்டேன்! ரெண்டு கிலோ!

– சும்னே வீணா பயப்படாதீங்க. இந்தாங்க, பிரிச்சாச்சு.

– படிங்க.

– கண்ணாடி கொண்டாரல மேடம்.

– குடுங்க... 'மார்ச் 4. பொய் சிக்னல் சேர்க்கப்பட்டது. பெட்டியைப் பொருத்தியவர்: ஆதிகேசவன்.' மாதாவே! நீங்களா?

– மூச்சு விடக்கூடாதுன்னு சார் சத்தியம் வாங்கிட்டாரு மேடம்.

– பரவால்லண்ணா. வாய மூட்ற வித்தை உங்களுக்காவது தெரிஞ்சிருக்கு. அண்டத்தோட விடியற்காலையப் பாத்தேன்னு ஆடினேன். பாத்தது ஒரு டிபன் பாக்ஸ் சைஸ் பெட்டி! இருங்க, சாருக்கு மெயில் அடிச்சிடறேன். 'நட்சத்திரம் இல்லை. கட்டுரையை நிறுத்திவிடுங்கள்.' அனுப்பிட்டு, ஏணி ஒண்ணு தேடிட்டு ஃபிளெக்ஸ கழட்டப் போறேன்.

– அனுப்பாதீங்க மேடம்!

– ஏண்ணா? அசிங்கப்பட்டது பத்தலையா?

– சார்கிட்ட சொல்லிடாதீங்க, என் வேலையே போயிடும். அன்னைக்கு அவசரத்துல பெட்டிய வேன்ல ஏத்தவே மறந்துட்டேன். மாட்டிட்டேன்னு பொய் சொல்லிட்டேன் மேடம். அது இன்னும் எங்க வீட்டு பீரோவுல, புடவைக்கு அடியில கெடக்குது.