பாதி உண்ட இலையில் அமர்ந்த தேவநாதனார்க்கு

அன்பின் உறைவிடமே, அயரா உழைப்பின் உருவமே, வந்த வண்டியையெல்லாம் வழுவின்றி வழியனுப்பிய விழுப்புரம் சந்திப்பின் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் தேவநாதனாரே, வணக்கம்.

1946-ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெறும் தங்களைப் பாராட்டப் பகலுணவு வேளையில் கூடியிருக்கிறோம். போர்க்காலத்தில் பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கியபோதும், பட்டாளத்து வண்டிகள் ஓயாது ஓடியபோதும் தாங்கள் நாற்காலியை விட்டு நகரவில்லை. திண்டிவனத்தில் மனைவியார் அம்சா அம்மையாரும் மகள் ஜெயமும் காத்திருக்க, பண்டிகைதோறும் எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் இங்கேயே இருந்தீர்கள். அதைப் பெருந்தன்மை என்று புகழ்ந்தோம். இன்று அவ்வாறு புகழ எங்களுக்கு நா எழவில்லை.

ஜெயத்தின் காதுகுத்துக்குத் தாங்கள் போகவில்லை. மறுவாரம் வீடு சென்று மன்னிப்புக் கேட்டபோது அம்மையார் சிரித்தாராம். "என்னங்க பேசுறீங்க? மாமன் மடியில புள்ள அழுதப்போ நீங்கதானே பக்கத்துல நின்னு கிலுகிலுப்பை ஆட்டிக்கினு இருந்தீங்க."

கேலி என்று எண்ணினீர்கள். ஆனால் பொங்கலுக்கும் தாங்கள் வந்து உண்டு சென்றதாக அண்டை வீட்டாரும் சொன்னார்கள். அந்தப் பொங்கலன்று தாங்கள் எங்கள் கண்ணெதிரே, இந்த நிலைய நடைமேடையில், கொடி பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அண்டை வீட்டார் பேச்சைத் தாங்கள் சொன்னபோது எங்களில் ஒருவரும் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை.

அடுத்த தீபாவளியன்று தங்கள் வேலையை நாங்கள் ஏற்றுக்கொண்டு, தங்களை நடுப்பகல் வண்டியில் ஏற்றிவிட்டோம். வாசலில் ஜெயம் வழிமறித்தாள்.

"அப்பா உள்ள சாப்ட்டுக்கினு இருக்காரு. நீங்க யாரு?"

உள்ளே சென்றீர்கள். கூடத்தில் எவரும் இல்லை. இலையில் சோறு பாதி இருந்தது, பிசைந்த விரல்தடம் அழியாமல். ரசத்தோடு வந்த அம்மையார், "கைகூடக் கழுவாம எங்க எழுந்து போனீங்க?" என்றார்.

அப்போது தாங்கள் செய்ததுதான் இம்மடலை எங்களை எழுதச் செய்தது. அலறவில்லை, ஓடவில்லை. அந்த இலையிலேயே அமர்ந்தீர்கள். சோறு இன்னும் சூடாக இருந்ததாகவும், வாய்க்குக் கொண்டுபோகக் கை வரவில்லை என்றும் பிறகு எங்களிடம் சொன்னீர்கள். ஆயினும் கடைசிப் பருக்கை வரை உண்டீர்கள்.

மாலை வரை ஜெயம் கிட்டே வரவில்லை. பிறகு தங்கள் சட்டையை முகர்ந்துவிட்டுத் தாயிடம் ஓடினாள். "இவர் மேல கரி வாசனை அடிக்குதும்மா. அப்பா மேல ஒண்ணுமே அடிக்காது."

அன்று முதல் எங்களிடம் வேலைமுறை மாற்றிக் கேட்கத் தயங்கவில்லை தாங்கள். வாரந்தோறும் சென்றீர்கள். மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னினீர்கள். மல்லாட்டைக் கடலை உரித்துக் கொடுத்தீர்கள். காய்ச்சலில் அவள் கிடந்தபோது கட்டிலருகே கிடந்தீர்கள். மறுபொங்கலுக்குத்தான் தங்களை அப்பா என்றழைத்தாள். தங்கள் உருவில் வந்துபோன அந்த மற்றவர் அதன்பின் வரவில்லை. ஆனாலும் அம்மையார் பழைய நாட்களைப் பேசும்போது, தாங்கள் இல்லாத அந்தக் காதுகுத்தையும் பொங்கலையும் வேற்றாள் கதைபோல் கேட்டிருக்கிறீர்கள். அவை இனித் தங்கள் கைக்கு வாரா.

இனி வரும் ஆண்டுகள் எல்லாம் தாங்களே வாழ்ந்தவையாக அமைக! உண்ணும் இலை, உறங்கும் பாய், மகளின் மணநாள், பேரர் மழலை என அனைத்திலும் தாங்களே இருந்து, நோயின்றி நெடிது வாழ்க!

ஒன்று மட்டும் பொறுத்தருள வேண்டும். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் முருகையன் இவ்விழாவுக்கு வரவில்லை. போன வாரம் வளவனூரில் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் பிள்ளை, "இப்பதானப்பா வெளிய போன?" என்று கேட்டதாம். இம்மடலில் கையெழுத்துப் போட வந்தவனை, போடவிடாமல், நாங்கள்தான் காலை வண்டியில் வீட்டுக்கு அனுப்பினோம்.

இங்ஙனம்,
முருகையன் நீங்கலாக,
விழுப்புரம் நிலைய ஊழியர் அனைவரும்.