ஏழாம் மாதம் முடிய மூன்று நாள்

வளவன்: நில்லு. இப்ப எந்தக் காலை வைக்கற?

யமுனா: வலது.

வளவன்: டாக்டர் என்ன சொன்னாங்க?

யமுனா: ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது வலிக்கற கால் முதல்ல.

வளவன்: உனக்கு வலிக்கறதே வலது பக்கம்தானே?

யமுனா: கல்யாணமாகி வந்த அன்னைக்கு வலது காலை எடுத்து வைன்னாங்க. அதுலேருந்து எங்க போனாலும் அதுதான் முன்னாடி போவுது.

வளவன்: இனிமே இடது. ரங்கநாதர் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

யமுனா: ம்ம்... அம்மா... கொஞ்சம் இருங்க.

வளவன்: படியிலேயே உக்காரு. முட்டி ரெண்டையும் சேத்து வை... அப்படித்தான். வீட்டுக்கு இன்னும் பத்துப் படிதான்.

யமுனா: காவேரிப் பாலத்துல எத்தனை இணைப்பு இருக்குன்னு என் இடுப்பைக் கேளுங்க. சரியாச் சொல்லும்.

வளவன்: தில்லை நகர்ல ஆஸ்பத்திரி வாசல்ல ஏறும்போதே ஆட்டோக்காரர்கிட்ட மெதுவாப் போங்கன்னு சொன்னேன்.

யமுனா: மெதுவாத்தான் போனார். அதனால மெதுவா மெதுவா குத்துச்சு.

வளவன்: பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைல்ல?

யமுனா: அதுக்கு என்ன, ஜாலியா உதைச்சுக்கிட்டு இருக்கு. அது வெளிய வர வழி விடணும்னு எலும்பு மூட்டு தளருதாம். எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே தளந்துடுச்சாம். பொறந்தா சரியாயிடும்னாங்க.

வளவன்: இந்த நிலைமையில நாளைக்கு அறந்தாங்கி வரைக்கும் கார்ல... ரெண்டரை மணி நேரம்.

யமுனா: போய்த்தானே ஆகணும்? வளைகாப்பு அன்னைக்கே அம்மா அழைச்சிட்டுப் போயிருக்கணும். இந்த வலியால ஒரு வாரம் தள்ளிப்போச்சு. ஞாயித்துக்கிழமையோட ஏழு முடியுது.

வளவன்: எட்டுல அழைச்சிட்டுப் போக மாட்டாங்க.

யமுனா: மாட்டாங்க. அப்புறம் ஒம்போதுதான்.

வளவன்: ம்ம்... சரி, போயிட்டு வா. அங்க நல்லாப் பாத்துப்பாங்க.

யமுனா: ஆமா... நல்லாப் பாத்துப்பாங்க.

வளவன்: நானும் நிம்மதியாத் தூங்குவேன். ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து உன்னைப் புரட்டிப் போட வேணாம்.

யமுனா: நான் என்ன தோசையா, புரட்டிப் போட?

வளவன்: தோசை லேசா இருக்கும்.

யமுனா: மேல வாங்க, வச்சுக்கறேன்.

வளவன்: முதல்ல நீ மேல வா. எழுந்திரு. கையைப் புடி... இடது. இடதுடி!

யமுனா: வச்சுட்டேன், கத்தாதீங்க. கீழ் வீட்டுல என்னமோ ஏதோன்னு வந்துடப் போறாங்க.

வளவன்: அந்தத் தலகாணியை மறக்காம எடுத்துக்க. முட்டிக்கு நடுவுல வைக்கற நீளத் தலகாணி.

யமுனா: அங்க இல்லாத தலகாணியா?

வளவன்: இந்த அளவுல இருக்காது. சுடிதார் பேன்ட்டை நின்னுக்கிட்டுப் போடாத. கட்டில்ல உக்காந்து போடு. குடத்தைத் தொடாத. அப்புறம்... யாரு உன்னைப் புரட்டுவா?

யமுனா: அம்மாதான்.

வளவன்: அத்தைக்கே முட்டி வலி.

யமுனா: ...எழுப்பாமலே இருந்துக்கறேன். விடிய விடிய ஒரே பக்கமாப் படுத்தா என்ன, செத்தா போயிடுவேன்?

வளவன்: ஏன் இப்படிப் பேசற?

யமுனா: ஃபோன் அடிக்குது பாருங்க.

வளவன்: அத்தைதான். மூணாவது தடவை. எடுக்கவா?

யமுனா: வேணாம்! மேல போய் எடுத்துக்கலாம்.

வளவன்: ஏன்?

யமுனா: மூச்சு வாங்குதுல்ல... நீங்க ஏன் ஃபோனைப் பையில போட்டுக்கறீங்க?

வளவன்: நீதானே வேணாம்னே?... ஆமா, கார்ல போறதைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நீ சொல்லவே இல்லையே?

யமுனா: நீங்க கேக்கவே இல்லையே? அதான் ஏன்னு பாத்தேன்.

வளவன்: கேட்டேன். அவங்ககிட்டயே. மாத்திரைச் சீட்டு வாங்க உள்ள போனப்ப.

யமுனா: ஐயோ... என்ன சொன்னாங்க?

வளவன்: மணிக்கு ஒரு தடவை இறங்கி நாலடி நடந்தா, தாராளமாப் போகலாம்னாங்க.

யமுனா: என்கிட்டயும் அதேதான்...

வளவன்: அப்புறம் ஏன் சொல்லல?

யமுனா: நீங்க ஆட்டோ புடிக்கப் போனப்ப அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். ஒரு மாசத்துக்கு எங்கேயும் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கன்னுட்டேன்.

வளவன்: ஒரு மாசமா!

யமுனா: என்ன இப்ப? திட்டணும்னா திட்டுங்க.

வளவன்: ஆட்டோ புடிக்கப் போன இடத்துல நானும் அத்தைக்குப் போட்டேன். பத்து நாள்னு சொல்லியிருக்கேன்.

யமுனா: பத்து நாள் எதுக்கு?

வளவன்: ஏழாம் மாசத்தைத் தாண்ட அது போதும்ல?

யமுனா: நிம்மதியாத் தூங்கப் போறேன்னீங்க...

வளவன்: சிரிக்காத, வலிக்கும். திரும்ப அடிக்குது பார். இந்தா, எடு. ஸ்பீக்கர்ல போடு.

யமுனா: ஹலோ... அம்மா...

அம்மா: எத்தனை தடவைடி அடிக்கறது? மாப்ள பக்கத்துல இருக்காரா?

வளவன்: இருக்கேன் அத்தை.

அம்மா: நீங்க பத்து நாள்ங்கறீங்க. இவ ஒரு மாசம்ங்கறா. டாக்டர் ஒருத்தரா, ரெண்டு பேரா?

யமுனா: அம்மா, அது வந்து...

வளவன்: தப்பு எங்க மேலதான் அத்தை. நாளைக்குக் கார் வரட்டும். நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டுப் போங்க.

அம்மா: எந்தக் கார்? நான் சொன்னாத்தானே வரும்? வளைகாப்புல இவ மனையில உக்காந்து பல்லைக் கடிச்சப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கேருந்து இவளைத் திருப்பிப் படுக்க வைக்கறது? பொண்ணு பொறந்த வீட்டுக்கு வர ஆசைப்படுவாளேன்னுதான் உங்ககிட்ட வாயைத் திறக்கல. ஒம்போதுல பாத்துக்கலாம்... இவ அப்பாகிட்ட, டாக்டர் ரெண்டு மாசம் அசையக் கூடாதுன்னுட்டாங்கன்னு திங்கக்கிழமையே சொல்லி வச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு சொல்லி என்னை மாட்டி விட்றாதீங்க.