பாரூத்துக்குக் கறுப்புக் கண்ணாடி

லுத்ஃபி: தேய்க்காத! தேய்க்காத மச்சான், சுருங்குது!

ஸுபீர்: சுருங்கல. படியுது.

லுத்ஃபி: படியுதா? நடுவுல கோழிமுட்டை சைஸுக்குக் கொப்புளம் நிக்குது.

ஸுபீர்: அது காத்து. நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளணும். வீடியோவுல அப்படித்தான் தள்ளினான்.

லுத்ஃபி: வீடியோவுல அவன் கையில ரப்பர் வைப்பர் இருந்துச்சு. உன் கையில என் போஸ்டாபீஸ் ஏ.டி.எம். கார்டு இருக்கு. அதுலதான் என் சம்பளமே வருது!

ஸுபீர்: கெட்டியா இருக்கு, முனையும் கூரா இல்ல. கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டப் பழகறவனுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது... ஐயோ.

லுத்ஃபி: என்ன ஐயோ?

ஸுபீர்: ஒண்ணுமில்ல. ரெண்டா இருந்தாலும் கார்டு கார்டுதான்.

லுத்ஃபி: ஒடச்சிட்டியா!

ஸுபீர்: கத்தாத! தெருமுனை காபிக் கடையில எங்க வாப்பா உக்காந்திருக்காரு.

லுத்ஃபி: பேசாம கடையில விட்டிருக்கலாம்...

ஸுபீர்: அன்னாபாவுல நம்ம பேட்டைக்கு ஃபிலிம் ஒட்டற கடை எத்தனை?

லுத்ஃபி: ஒண்ணு.

ஸுபீர்: கடைக்காரன் சாயங்காலம் யாரோட டொமினோ ஆடறான்?

லுத்ஃபி: உங்க வாப்பாவோட.

ஸுபீர்: அப்போ வாயை மூடிட்டு ஸ்பிரே அடி.

லுத்ஃபி: கிடாவை டிக்கியில போட்டு மூடிட்டுப் போனா இந்தக் கறுப்புக் கண்ணாடியே வேணாம்.

ஸுபீர்: டிக்கியில உன் கேஸ் டேங்க் இருக்கு. அதுக்கு மேல செம்மறிக் கிடாவை ஏத்துவியா? முட்டுச்சுன்னா கார், கிடா, நீ, மூணு பேரும் கடலுக்குள்ள கிடப்பீங்க.

லுத்ஃபி: போர்வை போத்தி...

ஸுபீர்: போத்திப் பார்த்தோமே. பாதிப் போர்வையைத் தின்னுட்டுத் தலையை வெளிய நீட்டிச்சு. பின்சீட்டுலதான் போகணும், கண்ணாடி கறுப்பாத்தான் இருக்கணும். போற வர்ற காருக்குள்ள எல்லாம் எட்டிப் பார்த்து சலாம் சொல்ற மனுஷன் எங்க வாப்பா.

லுத்ஃபி: பார்த்தாருன்னா நான் செத்தேன். "மருமகனே, பெருநாள் வரைக்கும் என் கிடா பாரூத் உன் கராஜ்லதான், உன்னை நம்பித்தான்"னு கட்டிட்டுப் போனாரு. இப்ப ஒத்தைக் கொம்போட நிக்குது! கொம்பு உடைஞ்ச கிடாவைக் குர்பானி குடுக்கக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கறவரு.

ஸுபீர்: அதான் மாத்தப் போறோமே! ஹஜார் சந்தையில இதே மாதிரி ரெட்டைக் கொம்பு, இதே மாதிரி கறுப்பு மூஞ்சி. ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்கறோம், திரும்பி வர்றோம். ஆமா... எப்படி உடைஞ்சுதுன்னு சொன்னே?

லுத்ஃபி: சுவத்துல முட்டுச்சு.

ஸுபீர்: எந்தச் சுவரு?

லுத்ஃபி: ...அந்தச் சுவரு.

ஸுபீர்: அதை மறைச்சுக்கிட்டு அலமாரி நிக்குது.

லுத்ஃபி: சரிப்பா! போட்டோ எடுத்தோம். ஒரு கையால கொம்பைப் பிடிச்சுட்டு நெஞ்சை நிமித்தி நின்னேன். உன் தங்கச்சி நவால் "சிரிங்க"ன்னா. சிரிச்சேன். கொம்பு கையோட வந்துடுச்சு.

ஸுபீர்: போட்டோ?

லுத்ஃபி: அருமையா விழுந்திருக்கு. நான் சிரிக்கறேன். கொம்பு என் கையில இருக்கு. கிடா என்னையே பாக்குது.

ஸுபீர்: விடு மச்சான், உன் தப்பு இல்ல.

லுத்ஃபி: நீ ஏன் திடீர்னு இவ்வளவு நல்லவனா இருக்கே? டயர் மாத்தக் கூப்பிட்டப்ப முதுகு பிடிச்சிருக்குன்னே.

ஸுபீர்: டயர் வேற, குடும்ப மானம் வேற.

லுத்ஃபி: நல்லவேளை, கிடாச்சண்டைக்கு விட்டு உடைக்கல. சண்டைன்னா உங்க வாப்பாவுக்கு ரத்தம் கொதிக்கும். "முட்ட விடறவன் மனுஷனே இல்ல"ம்பாரு.

ஸுபீர்: ...ஸ்பிரேயைக் குடு.

லுத்ஃபி: இந்தா. ஏய், இதென்ன வாசம்? பக்லாவா மாதிரி...

ஸுபீர்: சோப்புத் தண்ணிதான்.

லுத்ஃபி: எந்த பாட்டில்ல இருந்து எடுத்தே?

ஸுபீர்: அம்மா அலமாரியில... நீளக் கழுத்து பாட்டில்.

லுத்ஃபி: அது ஆரஞ்சுப்பூப் பன்னீருடா! மாமி வருஷம் பூரா பொத்திப் பொத்தி வச்சிருக்கறது! கார் பூரா அடிச்சிருக்கே!

ஸுபீர்: அதான் கிடா கண்ணாடியை நக்கிட்டே இருந்துச்சா...

லுத்ஃபி: ஷாம்பூ எங்கே? கொழகொழன்னு இருந்தாத்தான் ஃபிலிம் நகரும். ரெண்டு பக்கமும் நனைக்கணும்னு நானே படிச்சேன்.

ஸுபீர்: இந்தப் பக்கத்தைப் பாரு, எவ்வளவு அழகா ஒட்டியிருக்கேன். ஒரு கொப்புளம் கிடையாது.

லுத்ஃபி: கறுப்பே தெரியலையே.

ஸுபீர்: காயணும்.

லுத்ஃபி: காஞ்சா கறுப்பாகுமா? மச்சான், ஃபிலிம்ல ரெண்டு தாள் இருக்கும். ஒண்ணு கறுப்பு. இன்னொண்ணு பசைக்கு மேல ஒட்டியிருக்கற வெத்துத்தாள், உரிச்சுத் தூக்கிப் போடணும்.

ஸுபீர்: தூக்கிப் போட்டேனே.

லுத்ஃபி: நீ ஒட்டியிருக்கறதுதான் வெத்துத்தாள்! கறுப்பை எங்க போட்டே?

ஸுபீர்: ...பாரூத் வாயில என்ன தொங்குது?

லுத்ஃபி: இழு! இழு! முழுங்கிடப் போகுது!

ஸுபீர்: அதைக் கால்ல மிதிக்காம நில்லு... வந்துடுச்சு! ஓரத்துல கொஞ்சம் மென்னிருக்கு. வெட்டிட்டா போதும். கத்தியைக் குடு.

லுத்ஃபி: அது உருளைக்கிழங்கு சீவற கத்தி. நுனியை ஒடிச்சு ஒடிச்சுப் புதுசாக்கற பிளேடு வாங்கி வச்சேனே?

ஸுபீர்: அதுல முதல் நுனியிலேயே கதவு ரப்பரை அறுத்துட்டேன். கைக்குப் பழகல.

லுத்ஃபி: யா அல்லாஹ்.

ஸுபீர்: நவாலோட ஹேர் டிரையரை எடு. பின்கண்ணாடி வளைவா இருக்கு, சூடு காட்டினாத்தான் படியும். கிட்ட வைக்காதே... தள்ளி... இன்னும் தள்ளி!

லுத்ஃபி: படியுது! மச்சான், நிஜமாவே படியுது!

ஸுபீர்: சொன்னேன்ல. இதுக்கு ஒரு கை ராசி வேணும்.

லுத்ஃபி: கராஜ் இருட்டா இருக்கு. கிடாவை உள்ள ஏத்தி, கார் விளக்கைப் போட்டுப் பார்ப்போம். இதுல தெரியலேன்னா வெயில்ல சுத்தமாத் தெரியாது.

ஸுபீர்: ஏறு பாரூத்... ஏறுப்பா... பின்னங்காலைத் தூக்குடா... கதவைச் சாத்து. தெரியுதா?

லுத்ஃபி: லேசா மூக்கு மட்டும்... ஏன் அப்படியே விறைச்சு நிக்குது?

ஸுபீர்: எதையோ முறைக்குது.

லுத்ஃபி: உள்ள வெளிச்சம், வெளிய இருட்டு... கண்ணாடியில தன் மூஞ்சியைத்தான் பாக்குது!

ஸுபீர்: இன்னொரு கிடான்னு நினைச்சுடுச்சா?

லுத்ஃபி: பின்னால போகுது பாரு... விளக்கை அணை! விளக்கை அணைடா!

ஸுபீர்: பாரூத், வேணாம்! அது நீதான்!

லுத்ஃபி: போச்சு. என் கண்ணாடி...

ஸுபீர்: ஆனா பாரு, ஒரு சில்லு கீழ விழல. ஃபிலிம் அப்படியே பிடிச்சு வச்சிருக்கு. நல்ல சரக்கு.

லுத்ஃபி: உன்னை...

ஹாஜி அம்மார்: கதவைத் திறங்கடா! உள்ள என்ன சத்தம்?

லுத்ஃபி: மாமா!

ஹாஜி அம்மார்: என்ன மருமகனே, கல்யாண வீடு மாதிரி வாசம் தூக்குது?

லுத்ஃபி: கார் கழுவறோம் மாமா.

ஹாஜி அம்மார்: பூப்பன்னீர்லயா? என் கிடா எங்கே?

லுத்ஃபி: கார்ல... காத்து வாங்குது.

ஹாஜி அம்மார்: கதவைச் சாத்திக்கிட்டா? தள்ளு, நான் பாக்கறேன்... ஒரு கொம்பைக் காணோமே.

லுத்ஃபி: மாமா, என்னை மன்னிச்சிடுங்க! நான்தான். போட்டோவுக்குப் பிடிச்சேன், வந்துடுச்சு. நவாலை ஒண்ணும் சொல்லாதீங்க. வேணும்னா என்னை அடிங்க.

ஸுபீர்: அவன் இல்ல வாப்பா.

லுத்ஃபி: நீ சும்மா இரு, என்னைக் காப்பாத்த வேணாம்.

ஸுபீர்: நிஜமாவே நீ இல்லடா! வாப்பா... போன வெள்ளிக்கிழமை, நீங்க பள்ளிவாசல்ல இருந்தப்ப, பாலத்துக்குப் பின்னாடி மைதானத்துக்கு நான்தான் ஓட்டிட்டுப் போனேன். சண்டைக்கு. அதுலதான் கொம்பு ஆடிப் போயிருக்கு.

லுத்ஃபி: அடப்பாவி! என் கராஜ்ல இருந்தா ஓட்டிட்டுப் போனே? ரெண்டு நாளா நான் சோறு தண்ணி இல்லாம அழுதுட்டு இருக்கேன், நீ "விடு மச்சான்"ங்கறே!

ஹாஜி அம்மார்: கொஞ்சம் பொறுங்கடா... வெள்ளிக்கிழமை... ஜெயிச்சுதா?

ஸுபீர்: என்னது?

ஹாஜி அம்மார்: கிடா ஜெயிச்சுதான்னு கேட்டேன்.

ஸுபீர்: ஒரே முட்டு வாப்பா. எதிர்க் கிடா ஓடியே போயிடுச்சு.

ஹாஜி அம்மார்: ஒட்டுப்போட்ட கொம்பை வச்சுக்கிட்டா ஜெயிச்சுது, என் சிங்கம்! ...கத்தாதீங்க, மாடியில உங்கம்மா ஜன்னல் திறந்திருக்கு. அதுக்கு முந்தின வாரமே நான் அதே மைதானத்துல முட்ட விட்டு உடைச்சு, குழாய்ப் பசை போட்டு ஒட்டி, எப்படியும் ஒருநாள் கழண்டு விழும், விழறது மருமகன் கையில விழட்டும்னுதான் இங்க கொண்டாந்து கட்டினேன். நகரு, நானும் பின்சீட்டுல ஏறிக்கறேன். சந்தைக்கு ஓட்டு, உங்கம்மா பாக்கறதுக்குள்ள வேற கிடா மாத்திடலாம்.