யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன்

மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான் தொலைபேசி மணியின் அருமை தெரியும், ஐயா. என் அலுவலகம் துணிக்கடை மாடியில் ஒற்றை அறை. ஒரு கணினி, ஒரு மின்விசிறி, நான்.

எங்கள் சமூகம் சிறியது. ஒரு பெண்ணின் படம் வெளியே போனால் ஊர் வாயில் விழுந்துவிடும். அதனால் எங்கள் திருமண இணையதளத்தில் படமும் எண்ணும் பூட்டியே இருக்கும். யாராவது கேட்டால் தகவல் எனக்கு வரும். பெண் சம்மதித்தால்தான் திறப்பேன். என் கையிலிருந்து ஒரு படம்கூடக் கசிந்ததில்லை.

அந்தப் பெண் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். அப்பா இல்லை, நோயாளி அம்மா, வெளியூரில் அண்ணன். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள்.

"யாராவது கேட்டாங்களா அக்கா?"

"இல்லம்மா. வந்தா நானே கூப்பிட மாட்டேனா?"

பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த மல்யுத்த வீரரைப் பற்றி ஒருநாள் சொன்னாள். நான் வாய்விட்டுச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உண்மையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவளைக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கல்யாணம் முடிந்த பெண்கள் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, ஐயா. பெண்ணுக்கு விருப்பமில்லை என்று அவருக்கு எழுதினேன். அப்புறம் ஒரு பொறியாளர், ஒரு ஆசிரியர். கை பழகிவிட்டது.

"என்கிட்ட என்னக்கா குறை?" என்று கேட்க ஆரம்பித்தாள். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்றாள்.

"உனக்கென்னடி குறை? நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் அம்மாவுக்கு முடியாமல் போனபோது பார்க்கப் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர்கூடவா கேக்கல?"

"இல்லம்மா" என்றேன்.

அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார். சாவு வீட்டில் அவள் என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அதுவரை யாரும் என்மேல் அப்படிச் சாய்ந்ததில்லை.

காரியத்துக்கு வந்த அண்ணன் மூக்குக்கண்ணாடி மாற்ற அதே கடைக்குப் போயிருக்கிறார். இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும், "உங்க தங்கச்சிதான் என்னை வேண்டாம்னுட்டாங்க" என்றாராம் கடைக்காரர். அவருக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. அண்ணன்தான் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்.

ஆமாம், வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டது நான்தான். அவளுக்கு எதுவும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் எண்ணை மாற்றிவிட்டாளாமே. நல்லதுதான், கண்டவர்களும் கூப்பிடுவார்கள். புது எண் உங்களிடம் இருக்கும். அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. என்னிடம் மட்டும் சொல்லுங்கள். பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.