நீளத் தூண்டில்

குளிரூட்டிய அறையில் எனக்கு எப்போதும் மூக்கடைத்துக்கொள்ளும். குரல் கரகரத்தால் அழுததாக நினைத்துவிடாதீர்கள், ஐயா. கேட்டதற்கெல்லாம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. என் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்த்தான். வாய்த்துடுக்கு உண்டு, ஆனால் வேலை படு சுத்தம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எங்களோடுதான் தங்கியிருந்தான். என் சட்டையைக் கேட்காமலே போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். எனக்கு அவன்மேல் கோபமே வந்ததில்லை.

என்ன சண்டை என்று கேட்டீர்கள். சண்டை இல்லை, கருத்து வேறுபாடு. ஒரு மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை நாங்கள் கண்ணாடிச் சில்லில் அளப்போம். ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு புள்ளி என்று, தூண்டில் போட்டதுபோல் சில்லில் இழைகள் ஒட்டியிருக்கும். மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல்கள் அதில் நிறையச் சிக்கினால் அந்தப் புள்ளி பளிச்சென்று ஒளிரும். என் சில்லில் இழை நீளம். அதை நம்பித்தான், புற்றுக்கட்டியில் ஒரு மரபணு தறிகெட்டு ஓடுகிறது என்று எழுதினேன். அதை அடக்க ஒரு மருந்து வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். சிலர் இறந்தார்கள். புற்றுநோய்க்காரர்கள் இறப்பது புதிதில்லை.

மைத்துனன் அதே கட்டிகளை இழை குட்டையான வேறொரு சில்லில் போட்டுப் பார்த்தான். அந்த மரபணுவின் புள்ளி இருட்டாக இருந்தது.

“மாமா, உங்க நீளத் தூண்டில்ல அதோட ஒண்ணுவிட்ட தம்பி வந்து மாட்டியிருக்கான். ரெண்டும் ஒரே ஜாடை. குட்டைத் தூண்டில்ல அசல் ஆளு மட்டும்தான் மாட்டும்,” என்று சிரித்தான். அப்புறம் முகம் மாறியது. “நிஜமான ஆளு ஏற்கெனவே அரைத்தூக்கம். கட்டியைக் கொஞ்சமாவது பிடிச்சு வச்சிருக்கிறதே அதுதான். அதையும் நாம மருந்து ஏத்தி அமுக்குறோம். அவங்களை நாமதான் கொல்றோம், மாமா.”

“ரெண்டு சில்லு ரெண்டு விதமாச் சொன்னா, ரெண்டையும் சந்தேகப்படணும்டா,” என்றேன். நியாயமான பேச்சுதானே?

“நீங்க சந்தேகப்பட்டுக்கிட்டே இருங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

பையை மாட்டி, சில்லுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினான். நல்ல மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மையவிலக்கு இயந்திரத்தின் உலோகச் சுழலியைக் கழுவி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். கைக்குழந்தை கனம் இருக்கும். இரண்டு கையாலும் தூக்கி, அவன் காதுக்குப் பின்னால் போட்டேன்.

சில்லுப் பெட்டியோடு சரிந்தான். சுழலி என் கைதவறி விழுந்துவிட்டதென்று நினைத்திருப்பான் போல. “ஒண்ணுமில்ல மாமா, பதறாதீங்க,” என்றான். பேச்சுச் சத்தம் கேட்டால் யாராவது எட்டிப்பார்ப்பார்கள் என்பதால் அடுத்த அடியை வாயில் அடித்தேன். பற்கள் நான் நினைத்ததைவிடச் சுலபமாக உள்ளே போயின. அதற்குப் பிறகும் கால் இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவனை அரை உயிராக விட்டுவைப்பது கொடுமை. தலை தலையாக இல்லாமல் போகும்வரை அடித்தேன்.

அவன் கைபேசி அடித்தது. என் மனைவி. நான்தான் எடுத்தேன்.

“நீங்களா? தம்பி எங்கங்க? சாப்பிட வர்றேன்னானே?”

“முக்கியமான வேலையில இருக்கான். நீ காத்திருக்காம சாப்பிடு,” என்றேன். அவளைக் கலவரப்படுத்த மனம் வரவில்லை. பிறகு கை கழுவினேன், நகக்கண் வரை.

அந்த நோயாளிகளைப் பற்றியும் கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. முதல் ஆளுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்பே, குட்டை இழைச் சில்லில் நானும் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தேன். இருட்டாகத்தான் இருந்தது. அந்தச் சில்லை உடைத்துக் குப்பையில் போட்டேன். ஒரே ஒரு தடவை வந்த முடிவை வைத்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்துகிற ஆள் நான் இல்லை, ஐயா.