வாக்கு இயந்திரத்தோடு பேருந்தில் ஏறிய எல்லைக்கல்

என் பெயர் ஆறுமுகநயினார். வயது ஐம்பத்து மூன்று. தகப்பனார் பெயர் சுடலையாண்டி, காலமாகிவிட்டார். இருப்பு கருக்குப்பாறை குடியிருப்பு, திருவனந்தபுரம் மாவட்டம். தொழில், பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனை. கருக்குப்பாறை முத்தாரம்மன் கோவில் கொடைக் கமிட்டிக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். எனக்கு மலையாளம் பேசவும் வாசிக்கவும் தெரியும். ஆனாலும் நான் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று பிறகு பேச்சு வரக் கூடாது என்பதால் தமிழில் சொல்கிறேன். தமிழ் தெரிந்த காவலர் எழுதுகிறார்.

வாக்கு இயந்திரங்களைத் திரும்பப் பெறும் மையத்தின் வாசலில் மஞ்சள் பூசிய கல் ஒன்று கிடந்தது பற்றி விசாரிக்க வேண்டும், வாருங்கள் என்று நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். கல் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நிலைய வராந்தாவில் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் நான் வரலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்தேன். இதைச் சொன்னபோது எழுதும் காவலர் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கல் எங்கள் ஊரின் எல்லைக்கல். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பாறை வேலைக்கும் ரப்பர் பால் வெட்டவும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்தவர்களின் குடும்பங்கள். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் ஓடை. ஓடையின் இக்கரையில் அந்தக் கல் இருந்தது. பங்குனியில் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு, எல்லைக்குள் ஓர் இரவு தூங்கியவர் யாராக இருந்தாலும் காப்பு அவிழ்க்கும் வரை அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்னதாகவே வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பகலில் வந்து பகலிலேயே திரும்பும் வெளியாட்களுக்குத் தடையில்லை. இது எங்கள் முறை. சரியா தவறா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் யாரிடமும் விளக்கியதில்லை.

எங்களுக்கான வாக்குச்சாவடி முன்பு ஊருக்குள் சமூகக் கூடத்தில் இருந்தது. கூரை பழுதானதால் ஓடைக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கு மாற்றினார்கள். பிறகு நாங்களே கூரையைச் சரி செய்து, சாவடியைத் திரும்பத் தர வேண்டும் என்று மனுக் கொடுத்தோம். பதில் இல்லை. இந்தத் தடவை சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவித்ததும் பார்த்தோம், அது காப்புக் கட்டுக்கும் கொடைக்கும் நடுவில் வியாழக்கிழமை விழுந்திருந்தது. அதன் பிறகு வேட்பாளர் ஒருவரின் பிரசார ஜீப் பள்ளி வரை வந்து அங்கேயே திரும்பியது. நான் அக்கரைக்கு ஓடிப்போய், ஊருக்குள் வரக் கூடாதா என்று கேட்டேன். ஜீப்பில் இருந்த கட்சிக்காரர் பிரஜின், "அண்ணா, அந்தக் கரைல வோட்டு இல்லல்லோ. பின்னே எந்துக்கு பெட்ரோல் வேஸ்டாக்கணும்?" என்றார். இதைக் கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அதன் பிறகு கமிட்டியைக் கூட்டி, இந்தத் தடவை கருக்குப்பாறை வாக்களிக்க வேண்டும், அதற்கு நாம் எல்லையைத் தாண்ட வேண்டாம், எல்லைக்கல்லைப் பள்ளிக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கலாம் என்று சொன்னேன். யோசனை என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் போட வேண்டாம். அம்மாளுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதன் பிறகு வழக்கப்படி சன்னதியில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொன்னோம். வெள்ளைப் பூ வந்தது. வெள்ளை வந்தால் உத்தரவு. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று பூப்போட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

பள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள ரப்பர்த் தோட்டம் வலியசாலையில் இருக்கும் சேஷன் என்பவருடையது. நிலத்தை அபகரிக்கப் பார்த்தோம் என்று எங்கள் மேல் வந்திருக்கும் புகாரில் எழுதியிருப்பதால் சொல்கிறேன், அவரிடம் தொலைபேசியில் முறையாக அனுமதி கேட்டேன். "பேஷா வச்சுக்கோங்கோ. ஆனா அதைச் சாக்கா வச்சுண்டு அங்க கோவில் கட்டிடாதேள்" என்றார். அவரை விசாரித்துக்கொள்ளலாம். பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஷிஜாவிடமும், இனி உங்கள் வீடும் எல்லைக்குள் வருகிறது என்று முன்கூட்டியே சொன்னோம். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்துப் போனேன். "அப்போ எனக்கும் காப்பு கெட்டித் தரணும், சும்மா உள்ள போட்டா பற்றாது" என்றார். செவ்வாய்க்கிழமை கல்லை நகர்த்தி வைத்துப் பூசை செய்து, எல்லோருக்கும் காப்புக் கட்டியபோது அவருக்கும் கட்டினோம்.

இதில் எங்கள் பிழை ஒன்றுதான். தோட்டக்காரரிடம் சொன்னோம், டீக்கடையில் சொன்னோம், ஆனால் தேர்தல் அதிகாரிகள் முந்தின நாளே இயந்திரத்தோடு வந்து பள்ளியில் இரவு தங்குவார்கள் என்பது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. புதன்கிழமை அவர்கள் வந்தார்கள். தலைமை அதிகாரி ஆர்யா என்ற ஆசிரியை. கொடையில் இந்த வருடம் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருக்கும் சொர்ணம்மாள்தான் அவர்களுக்குக் கஞ்சியும் பயறும் கொண்டு கொடுத்து, படுக்கப் பாயும் கொடுத்தார். ஆர்யாவுக்கு வீட்டில் கைக்குழந்தை இருப்பதை அவர் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் வாக்குப்பதிவு நடந்தது. எங்கள் ஊர் முழுவதும் காப்புக் கையோடு வரிசையில் நின்றது. முதல் ஆளாக வாக்களித்தவர் சொர்ணம்மாள். வெளியே வந்து மை வைத்த விரலை முந்தானையில் துடைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்குக் கண் கலங்கியது உண்மை. சாவடியில் எந்தத் தகராறும் இல்லை. காவல் பணியில் இருந்த வினீத் என்ற காவலர் இதற்குச் சாட்சி.

வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரங்களை முத்திரையிட்டு, அதிகாரிகள் பேருந்தில் ஏறினார்கள். பேருந்து எல்லைக்கல் அருகே போனபோது சொர்ணம்மாளும் சில பெண்களும் அதன் முன்னால் போய் நின்றார்கள். புகாரில் கும்பல் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் யார் கையிலும் ஒன்றுமில்லை. சொர்ணம்மாள் ஜன்னல் பக்கம் போய், "டீச்சரே, போவாதீங்க. ராத்திரி எல்லைக்குள்ள கெடந்து உறங்கியாச்சு. இனி செவ்வாக்கிழம காப்பு அவுத்த பொறவுதான் தாண்டணும். நீங்க தாண்டி, வீட்ல கெடக்க பச்சப்புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாருகிட்டப் போய்ச் சொல்லுவோம்?" என்று கேட்டார். ஆர்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சேச்சி, மெஷின் இன்னிக்கே சென்டர்ல கொண்டுபோய் ஏல்பிக்கணும். இல்லேன்னா இவிடத்தெ வோட்டு முழுவனும் பிரச்னம் ஆகும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த வாக்குக்காகக் கல்லை நகர்த்தினோமோ, அந்த வாக்கே கல்லுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

காவலர் வினீத் பெண்களை விலகச் சொன்னார். அவர்கள் விலகவில்லை. அவர் லத்தியைத் தொடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சொர்ணம்மாள் பிடிவாதக்காரர் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் அன்று பிடிவாதத்தில் நிற்கவில்லை, பயத்தில் நின்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு நான் அவரிடம், "எம்மா, தாண்டுனாத்தான குத்தம். கல்லையும் வண்டியில ஏத்தி விடுவோம். கல்லு போற வரைக்கும் நம்ம எல்லைதான். டீச்சர் எதையும் தாண்டல" என்றேன். அவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். "வச்ச எடத்துல பத்திரமா இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார். கல்லைத்தான் கேட்டாரா, இயந்திரத்தைத்தான் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை, இருக்கும் என்றேன்.

பேருந்து ஓட்டுநர் யூசுப் முதலில் மறுத்தார். பிறகு, "கல்லு கேறட்டே, ஆளு கேறண்டா" என்றார். அதனால் எங்களில் யாரும் அந்தப் பேருந்தில் ஏறவில்லை, இயந்திரத்தின் அருகே போகவுமில்லை. கல்லைத் தூக்கிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தவர்கள் நானும் மூன்று கட்சிகளின் சாவடி முகவர்களும். அந்த மூவரில் ஒருவர் இப்போது புகார் கொடுத்திருக்கும் பிரஜின். கல்லின் கனமான பக்கத்தைப் பிடித்தவர் அவர்தான். பேருந்து கிளம்பியபோது பெண்கள் குலவையிட்டார்கள். இயந்திரம் அன்றே ஒப்படைக்கப்பட்டது என்று ஆர்யா தொலைபேசியில் சொன்னார்.

மறுநாள் கல்லைத் திரும்பக் கொண்டு வருவதாக யூசுப் சொல்லியிருந்தார். ஆனால் அவரை வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்கள், கல்லை மையத்தின் வாசலில் மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே யாரோ அதற்குச் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள், யாரோ சூடம் கொளுத்தியிருக்கிறார்கள், பாராவில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதாகவும் கேள்வி. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. நகரத்து ஆட்களுக்கு எந்தக் கல்லைக் கும்பிடுவது என்று நாங்கள் சொல்லித் தர முடியாது.

அதன் பிறகு, மதத்தைக் காட்டி வாக்குச் சேர்த்தார்கள், அதிகாரிகளைத் தடுத்தார்கள், ஆகவே அந்தச் சாவடியின் வாக்குகளை எண்ணக் கூடாது என்று பிரஜின் மனுக் கொடுத்திருப்பதாக இங்கே வாசித்துக் காட்டினார்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டிலேயே நானும் என் மனைவி செண்பகவல்லியும் வேறு வேறு சின்னம். தடுத்தது குற்றம் என்றால் என் மேல் வழக்குப் போடலாம், சொர்ணம்மாளை விட்டுவிடுங்கள். காப்பு அவிழ்க்க வேண்டிய செவ்வாயும் கடந்துவிட்டது. கல் வந்து சேராமல் காப்பை அவிழ்க்க முடியாது, நான் பழவங்காடிக் கடைக்குப் போய் வாரக்கணக்காகிறது. இருந்தாலும் நேற்று ஊர் கூடி ஒன்று முடிவு செய்திருக்கிறது. விசாரணைக்குத் தேவையென்றால் கல்லை வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் காப்போடு இருந்துகொள்கிறோம். எங்கள் வாக்கை எண்ணிவிடுங்கள்.

இதற்கு முன்பு கொடையும் தேர்தலும் இப்படிச் சேர்ந்து வந்ததுண்டா, அப்போது என்ன செய்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். சென்ற சட்டமன்றத் தேர்தலும் காப்புக்குள்தான் வந்தது. அப்போது கல்லை யாரும் தொடவில்லை. ஊரே இக்கரையில் நின்று, அக்கரையில் மற்றவர்கள் வாக்களித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருக்குப்பாறையிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. அது பற்றி எந்தக் கட்சியும் புகார் கொடுக்கவில்லை, எந்த அதிகாரியும் ஊருக்குள் வந்து ஏன் என்று கேட்கவில்லை, எந்த நிலையத்திலிருந்தும் என்னை அழைத்து வாக்குமூலம் வாங்கவில்லை.

நான் சொன்னவை யாவும் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
சு. ஆறுமுகநயினார்