எல்லோருக்கும் இருபது

போதும். பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

நேற்று நர்சிங் உதவியாளர்களின் சான்றிதழ் விழா. உடலியக்கப் பாடம் நடத்துகிறவன் என்று எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அதையும் சேர்த்துப் பேசிவிட்டார். நீங்கள் நன்றி மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். சொல்லாமல் மடித்து வைத்ததை இப்போது எழுதுகிறேன். மேடையில் நிற்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

தங்கைகளே... தம்பிகளே... ஒரு சின்னக் கதை கேளுங்கள். கேட்க இரண்டு நிமிடம் போதும்.

பதினொரு மாதத்துக்கு முன், எலும்பு முறிவு வார்டு. அங்கே ஜெபக்கனி என்று ஓர் உதவியாளர். நாற்பத்தொன்பது வயதில் இந்தப் படிப்பு படித்து வேலைக்கு வந்தவர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பதே நாள்.

காலையில் ஒவ்வொரு கட்டிலிலும் நான்கு விஷயம் எழுத வேண்டும், இல்லையா? காய்ச்சல், நாடி, பி.பி., மூச்சு. முதல் மூன்றுக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்கு? உங்கள் கண் மட்டும்தான். அதனால் எண்ணாமலே அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கும்? இருபது. அடுத்த கட்டிலில்? இருபது. போன வாரம் இறந்துபோனவருக்கு...? அவருக்கும் இருபது.

ஏழாம் கட்டிலில் தங்கப்பழம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள். அன்று டிஸ்சார்ஜ். மகன் வாசலில் காரோடு நிற்கிறான். மனைவி தட்டையும் டம்ளரையும் பையில் போட்டுவிட்டார்.

ஜெபக்கனி அவர் கையைப் பிடித்தார். நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை. ஏன்? மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதனுக்கு மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

தங்கப்பழம் சும்மா இருப்பாரா?

"என்னம்மா... இன்னும் கைய விடல... வீட்டுக்காரி... பாத்துக்கிட்டிருக்கா."

"பேசாம இருங்க அண்ணாச்சி. கணக்கு விட்டுப்போகும்."

வார்டே சிரித்தது. ஜெபக்கனி சிரிக்கவில்லை. அந்த ஒரு கேலியைச் சொல்லி முடிக்கத் தங்கப்பழத்துக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. முதலிலிருந்து மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டு. காய்ச்சல் இல்லை. பி.பி. சரி. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

எழுதினார். ஸ்டாஃப் நர்ஸ் அமலோற்பவம் அதைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் இருபது. இவருக்கு மட்டும் என்னக்கா முப்பத்திரண்டு? டிஸ்சார்ஜ் எழுதியாச்சு. மாத்திருங்க."

மாற்றியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. ஒன்பது நாளில் வேலை நிரந்தரம். யார் கேட்கப்போகிறார்கள்?

"நீங்க ஒரு நிமிஷம் எண்ணுங்க சிஸ்டர். இருபது வந்தா நானே அடிச்சு எழுதுறேன்."

சிஸ்டர் முகம் கறுத்தது. ஆனாலும் போனார், எண்ணினார். அரை நிமிடத்திலேயே பதினேழு. அதற்கு மேல் எண்ணவில்லை... டாக்டருக்குப் போன் செய்யப் போனார்.

நிமோனியா. வலது நுரையீரலின் அடிப்பகுதி முழுக்க. வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே இல்லாமல் வரும். முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். அன்று வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் அந்த மகனிடம் சொன்னார். அதிலிருந்து பத்தாம் நாள் தங்கப்பழம் வாக்கரைப் பிடித்து நடந்தே கார் வரைக்கும் போனார்.

டாக்டர் படம் ஆஸ்பத்திரி மலரில் வந்தது. ஜெபக்கனிக்கு என்ன வந்தது? மெமோ. டிஸ்சார்ஜைத் தாமதப்படுத்தினாராம், மேலே உள்ளவரிடம் வாதாடினாராம். அனுப்பிய நிர்வாகி யார் தெரியுமா? உடலியக்கப் பாடத்தை முப்பது மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்தவர். "பெட்பேன் எடுக்கிறவங்களுக்கு நுரையீரல் எதுக்கு சார்?" என்று ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டவர். மறப்பேனா?

ஆனால் அந்த மெமோவின் அடியில் அமலோற்பவம் சிஸ்டர் தன் கைப்பட எழுதினார்: "எண்ணிக்கை சரி. நானும் எண்ணினேன்." மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் வேலையும் நிரந்தரமாயிற்று.

நான் பெருமையோடு ஜெபக்கனியைப் பார்க்கப் போனேன். என் வகுப்பை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றேன். அந்த அம்மா தயங்கினார்.

"சார்... மூச்சுப் பாடத்தன்னைக்கு நான் வரல. பொண்ணுக்குப் பிரசவம். புத்தகத்தப் பாத்துத்தான் படிச்சேன். ஒரு முழு நிமிஷம் எண்ணணும்னு போட்டிருந்துச்சு."



அன்று அந்த வகுப்பில் நான் என்ன சொன்னேன்? ஆறு மணி நேரத்தில் ஓர் உடம்பை முடிக்கச் சொன்ன கோபம். "எண்ண நேரமில்லையா, இருபதுன்னு போடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேரும் இருபது எழுதினார்கள். கேட்காத ஒருத்தி... எண்ணினாள்.

இந்தக் கதை எதற்கு? உடம்பு ஒளித்து வைப்பதில்லை. இதயம் நாடியில் சொல்கிறது, சிறுநீரகம் நிறத்தில் சொல்கிறது, நுரையீரல் போர்வைக்கு மேலேயே ஏறி இறங்கிச் சொல்கிறது. டாக்டர் கட்டிலருகில் எத்தனை நிமிடம் நிற்கிறார்? நீங்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்? அப்படியானால் அது யாரிடம் சொல்கிறது? உங்களிடம்தான். என் தப்பைத் திருத்த ஒரு முழு நிமிடமும் உங்கள் கண்ணும் போதுமென்றால், அதைவிட நல்ல செய்தி எனக்கு இந்த வயதில் வேண்டாம்.

உதவியாளர்கள் பல ஊர்களிலிருந்து கூடும் முகநூல் குழுவில் இதைப் போடப்போகிறேன். என் பெயர் இருக்காது. இருந்தால், அந்த ஆளுக்குப் பழைய கோபம் என்று தள்ளிவிடுவார்கள். கோபம் உண்டு. ஆனால் காரணம் அதுவல்ல. நாற்பது பேர், சொன்னது நான் என்பதற்காகவே இருபது எழுதினார்கள். இந்த முறை யார் சொன்னார் என்று தெரியாமலே படியுங்கள். நம்ப வேண்டாம்... பக்கத்துக் கட்டிலுக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.